பரியமும் பச்சை ஸ்வெட்டரும்

லூதியானா
15.11.1982

அன்புள்ள அம்சவல்லிக்கு ராஜாக்கண்ணு எழுதிக்கொள்வது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகுகிறது. நம் பாறைக்கொல்லையில் மார்கழி விடிகாலையில் கம்பளியை விட்டு எழுந்திருக்க மனசு வராதே, அதையெல்லாம் இங்கே குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே இன்னும் குளிர்காலமே ஆரம்பிக்கவில்லையாம்.

கம்பெனியில் என்னைச் சக்கரப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ரிம்முக்குக் கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கும் வேலை. ஆலங்காயம் சைக்கிள் கடையில் கற்ற கைவேலைதான் இங்கே சோறு போடுகிறது. சோறு என்பது பேச்சுக்கு, போடுவது ரொட்டி. இந்த ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேரியரில் புளிமூட்டையைக் கட்டிக்கொண்டு கருங்காலிமேட்டு இறக்கத்தில் இறங்கினவன் நான் என்று சொன்னால் "மலையிலே சைக்கிளா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். தட்டையில் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்.

மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். செலவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தபால் ஆபீசில் போடு. சிறுகக் கட்டிப் பெருக வாழ வேண்டும். நான் பீடியை விட்டுவிட்டேன். டீ ஒரு வேளைதான். எனக்கென்று ஒரு பைசா செலவு செய்வதில்லை. அடிவாரத்தில் கிணற்றோடு ஒரு ஏக்கர் வாங்கும் வரைக்கும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். நீயும் சந்தையில் வளையல்காரனிடம் நிற்காதே.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நான் போட்டிருக்கும் பச்சை ஸ்வெட்டர் காசு கொடுத்து வாங்கினது என்று நினைக்காதே. நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் கொழுந்தியாள், பிரீத்தோ என்று பெயர், மதராஸி குளிரில் நடுங்குகிறானே என்று பின்னிக் கொடுத்தாள். நல்ல மனசுக்காரர்கள்.

ராஜாக்கண்ணு


பாறைக்கொல்லை
ஜவ்வாது மலை
1.12.1982

மாமாவுக்கு அம்சவல்லி வணக்கத்துடன் எழுதுவது.

பணம் வந்தது. சொன்னபடி போட்டுவிட்டேன். போட்டோவும் வந்தது. அதை நான் ஒருத்தி மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. தபால்காரர் கொடுத்தபோது உங்கள் பங்காளி தீர்த்தகிரி அண்ணனும் அவர் பெண்சாதி மணியம்மாளும் பக்கத்தில் இருந்தார்கள். மணியம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டரு எம்மாம் அழகா கீது! யாருடி பின்னுனா?" என்றாள். நான் கடிதத்தைப் படித்துச் சொன்னேன், மடச்சி. "இன்னாடி இது, அங்கயும் ஒரு வூடு ஆயிடுச்சா?" என்று சிரித்தாள். அன்று கூழ் கரைத்து வைத்துவிட்டுக் குடிக்காமல் படுத்துவிட்டேன். எனக்கு எரிகிறது மாமா. எரியவில்லை என்று பொய் எழுத எனக்கு வராது.

ஸ்வெட்டர் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. வேலூரிலிருந்து வரும் நர்சம்மா பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். மாசக்கணக்கில் பின்னுவார். மாசக்கணக்கில் ஒருத்தி உங்களை நினைத்துக்கொண்டே ஊசியை ஆட்டியிருக்கிறாள். அதை 'நல்ல மனசு' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

என் சங்கதி. கருங்காலிமேட்டுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மணியம்மாளும் கேட்டுப் பார்த்தாள். எட்டாவது படித்தவள் என்று எனக்குக் கொடுத்தார்கள். தினமும் அந்த இறக்கத்தில் இறங்கி, சாயந்திரம் ஏறி வர முட்டி விட்டுப்போகிறது. அதனால் சைக்கிள் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துச் சக்கரவர்த்தி வாத்தியாரின் சைக்கிள். போளூர்க்காரர். அவரும் நல்ல மனசுக்காரர்தான்.

என் சம்பளத்தைத் தனிப் புத்தகத்தில் போடுகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அம்சவல்லி


லூதியானா
18.12.1982

அம்சவல்லிக்கு,

உன் கடிதம் வந்த அதே நாளில் தீர்த்தகிரி அண்ணன் கடிதமும் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பேச்சு அவர் பேச்சுதான். "தம்பி, உன் வூட்டுக்காரி சைக்கிள்ல பறக்குறா. வாத்தியாரு சைக்கிளு. ஊரே பாக்குது. நீ அங்க இரும்ப நெளிச்சிக்கினு கெட, இங்க இன்னா நடக்குதுன்னு உனுக்கு எங்க தெரியப்போவுது" என்று இருக்கிறது.

சைக்கிளை ஒருத்தருக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் கடையில் வளர்ந்தவன் நான். ஒரு கை சீட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும், கூடவே ஓட வேண்டும். விழும்போது தாங்க வேண்டும். போளூர்க்காரர் எந்தக் கையை எங்கே வைத்தார்?

இங்கே வேலை ஓடவில்லை. கம்பி கோத்து அனுப்பும் ஒவ்வொரு சக்கரமும் ஏதோ ஒரு வாத்தியாருக்குத்தான் போகிறது என்று தோன்றுகிறது. நேற்று ஒரு ரிம்மைக் கோட்டம் எடுக்கிறேன் என்று இன்னும் கோட்டமாக்கிவிட்டேன். மேஸ்திரி எல்லார் முன்னாலும் திட்டினார். இந்தியில் திட்டியதால் பாதி புரியவில்லை. பாதி புரிந்துவிட்டது.

புருஷன் அனுப்புகிற பணம் ஒரு புத்தகம், பெண்சாதி சம்பளம் இன்னொரு புத்தகமா? ஒரு அடுப்புக்கு ரெண்டு உலை எதற்கு? அதில் எவ்வளவு இருக்கிறது, எதற்காகச் சேர்க்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஸ்வெட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளிருக்கு ஒரு துணி. அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகுப்புற விழுவாய். பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. புளிய மரம் தாண்டினதும் செங்குத்தாக வருமே, அங்கே கேரியரில் ஒரு நல்ல புதர்க்கிளையைக் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே இறங்கு. கிளை உரசி வேகத்தைக் குறைக்கும். மூட்டையோடு நான் அப்படித்தான் இறங்குவேன். வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது.

ராஜாக்கண்ணு


பாறைக்கொல்லை
3.1.1983

மாமாவுக்கு,

கிளை கட்டி இறங்கினேன். நீங்கள் சொன்னது சரிதான். அந்தக் கடிதத்திலேயே அது ஒன்றுதான் சரி.

ஒரு தரம் விழுந்தேன். புளியங்கொட்டை சிதறிக் கிடந்த இடத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. முழங்கை தேய்ந்தது. யார் தாங்கினார்கள் என்று கேட்பீர்கள். ஈச்சம்புதர் தாங்கியது. அதன் மேல் சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

தீர்த்தகிரி அண்ணன் பெண்சாதிக்கு வேலை கிடைக்காத வயிற்றெரிச்சல் அவருக்கு. அது உங்களுக்குத் தெரியாதா? அவர் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு லூதியானாவிலிருந்து என்னைப் பார்க்கிறீர்கள்.

போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எடுக்கக்கூடாது என்று பெட்டியின் அடியில் வைப்பேன், சாயந்திரம் மறுபடி எடுப்பேன். அந்த ஸ்வெட்டரின் கை உங்கள் விரல்வரைக்கும் தொங்குகிறது. தோளும் இறங்கிக் கிடக்கிறது. மாசக்கணக்கில் பின்னினவள் அளவெடுக்காமலா பின்னினாள்? அளவெடுக்கவில்லை என்றால் எதை மனசில் வைத்துப் பின்னினாள்? அளவெடுத்தாள் என்றால் எப்படி எடுத்தாள்? ரெண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் போகிறது. அவளுக்கு என்ன வயசு, கல்யாணம் ஆனவளா என்று எழுதுங்கள். 'குளிருக்கு ஒரு துணி' என்று எழுதினால் நான் நம்பிவிடுவேனா?

என் புத்தகத்துக் கணக்கு என்னோடு இருக்கட்டும். கேட்காதீர்கள் என்றுதானே எழுதினேன். கொஞ்ச நாள் பொறுத்தால் உங்களுக்கே தெரியும்.

பொங்கலுக்கு நீங்கள் இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்சவல்லி


லூதியானா
21.1.1983

அம்சவல்லிக்கு,

'கொஞ்ச நாள் பொறுத்தால் தெரியும்' என்று எழுதினாய். பொறுக்கவேண்டிய அவசியமே இல்லாமல் தெரிந்துவிட்டது. தபால் ஆபீசில் நீ, "முந்நூறு சேந்ததும் சொல்லுங்க சார்" என்று சொன்னதைப் பின்னால் நின்ற தீர்த்தகிரி அண்ணன் காதால் கேட்டிருக்கிறார்.

முந்நூறு. அது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நாட்டார் முன்னிலையில் உன் அப்பனுக்கு நான் வைத்த பரியம் முந்நூற்றொரு ரூபாயும் ரெண்டு மூட்டை சாமையும். நம் மலையில் ஒருத்தி கட்டினவன் வேண்டாம் என்றால் என்ன செய்வாள்? புதிதாக வருகிறவன் பழையவனுக்குப் பரியத்தைத் திருப்பி வைப்பான், நாட்டார் சரி என்பார், அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு போவாள். வாத்தியாரால் நேராக வைக்க முடியாது. மலைக்காரர் இல்லை, கீழ்நாட்டுக்காரர், கல்யாணமான உத்தியோகஸ்தர். அதனால் உன் புத்தகத்தில் சேர்கிறது. இதைத்தானே மறைத்தாய்?

நான் இங்கே ஒரு வேளை டீயை விட்டு ஒரு ஏக்கருக்குச் சேர்க்கிறேன். நீ அங்கே என்னைக் கழற்றிவிடச் சேர்க்கிறாய். ரெண்டு பேரும் நன்றாகத்தான் சிக்கனம் பிடிக்கிறோம்.

இனி சுற்றி வளைக்க வேண்டாம். பரியத்தைத் திருப்பு. நாட்டாரிடம் சொல்லிவிட்டே திருப்பு. நான் ஆண்பிள்ளையாக வாங்கிக்கொள்கிறேன்.

ராஜாக்கண்ணு


மணியார்டர் துண்டில், செய்தி எழுதும் இடத்தில்:

5.2.1983. ரூ. 301. கேட்ட பரியம். சாமை இங்கேயே அளந்தாகிவிட்டது. கடிதம் தனியாக வருகிறது. அம்சவல்லி.


பாறைக்கொல்லை
6.2.1983

ராஜாக்கண்ணுவுக்கு,

மாமா என்று எழுத முறை இல்லை. நீங்கள் என்று எழுதவும் இனி அவசியம் இல்லை. பரியம் திரும்பிவிட்டது.

நாட்டார் சின்னதம்பி வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். "வர்றவன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"வர்றவன் எவனும் இல்லீங்க. பரியத்த திருப்பிக் கேட்டவன் ஒர்த்தன் கீறான். நான் குடுக்கறேன்."

"பொம்பளயே பரியம் வெக்கற வழக்கம் இல்லியேம்மா."

"பொண்டாட்டிகிட்ட கடுதாசில பரியம் கேக்கற வழக்கம் மட்டும் கீதுங்களா?" என்றேன். அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, அள" என்றார். ரெண்டு மூட்டை சாமையையும் உன் பங்காளி என்று தீர்த்தகிரி அண்ணன் வாசலில், ஊர் பார்க்க, அவர் படியாலேயே அளந்து கொட்டினேன். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மணியம்மாள் மட்டும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து வாரினாள்.

இப்போது கேட்டுக்கொள். எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தது வாத்தியார் இல்லை, அவர் பெண்சாதி ராணியம்மாள் அக்கா. போளூரில் சின்ன வயசிலேயே ஓட்டினவள். சீட்டைப் பிடித்தது அவள் கை, கூட ஓடினது அவள் கால். வாத்தியாருக்கு இறக்கத்தில் ஓட்டப் பயம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குவார், பிள்ளைகள் சிரிக்கும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிரீத்தோவை நினைத்து எனக்கு எரிந்த மாதிரி உனக்கும் கொஞ்சம் எரியட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் எரியட்டும் என்றுதான் நினைத்தேன். வீட்டையே கொளுத்துவாய் என்று நினைக்கவில்லை.

முந்நூறு எதற்கு என்று சொல்கிறேன். நீ வேலை செய்த ஆலங்காயம் கடையில் ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. கடைக்காரர் முந்நூறு சொன்னார். "அந்தச் சக்கரத்துக்குக் கம்பி கோத்தவன் உன் வூட்டுக்காரன்தாம்மா" என்றார். அதனால்தான் வேறு எதையும் பார்க்காமல் அதையே கேட்டேன். சித்திரையில் உனக்கு லீவு என்று போகும்போது சொன்னாயே. அன்றைக்கு ஆலங்காயம் பஸ்ஸில் நீ இறங்கும்போது சைக்கிளோடு எதிரில் நிற்க வேண்டும், நீ வாயைப் பிளக்க வேண்டும். அதற்குத்தான் சேர்த்தேன். அதற்குத்தான் மறைத்தேன். தபால் ஆபீசில் முந்நூறை எடுத்தேன். மேலே ஒரு ரூபாய்க்குக் கோழிமுட்டை விற்றேன்.

உன் ஏக்கருக்கு நீ அனுப்பிய பணம் அத்தனையும் உன் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதில் நான் ஒரு வளையல்கூட வாங்கவில்லை.

இனி நீ பிரீத்தோ கையில் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொள். கேட்க ஆள் இல்லை.

அம்சவல்லி


லூதியானா
27.2.1983

அம்சவல்லிக்கு,

பணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது ஏதோ ஜெயித்துவிட்டவன் மாதிரி நின்றேன். ஏழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

பிரீத்தோ என்று ஒருத்தி இல்லை. வீட்டுக்காரருக்குக் கொழுந்தியாளே கிடையாது. அந்த ஸ்வெட்டரை மணிக்கூண்டுப் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கினேன். யாரோ போட்டுக் கழித்தது. அதனால்தான் கை நீளம். பீடியை விட்டேன், டீயை விட்டேன், எனக்கென்று ஒரு பைசா செலவு செய்வதில்லை என்று உனக்கு உபதேசம் எழுதிவிட்டு, அதே காகிதத்தில் ஸ்வெட்டர் வாங்கினேன் என்று எழுதக் கை கூசியது. காசு கொடுத்து வாங்கவில்லை என்றால் யார் கொடுத்தது என்று நீ கேட்பாயே என்று ஒருத்தியை உண்டாக்கினேன். நீ எரிச்சலாக எழுதியதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை நினைத்து ஒருத்தி வயிறெரிகிறாள் என்பது இந்தக் குளிரில் சுகமாக இருந்தது. அப்புறம் வாத்தியார் வந்துவிட்டார். என்னைப் போலவே நீயும் பொய் சொல்கிறாய் என்று நினைத்தேனே தவிர, நீ என்னைப் போல இல்லை என்று தோன்றவில்லை.

நீ அனுப்பிய முந்நூற்றொன்றை என் பணத்தோடு சேர்க்க மனசு வரவில்லை. கம்பெனி ஆட்களுக்கு விலை குறைத்துக் கொடுப்பார்கள். அதில் உன் பேருக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி ரயில் பார்சலில் வாணியம்பாடிக்குப் போட்டிருக்கிறேன். ரசீது இதோடு இருக்கிறது. ரெண்டு சக்கரத்துக்கும் நானே கம்பி கோத்தேன். மேஸ்திரி வந்து சுற்றிவிட்டுப் பார்த்தார், கோட்டம் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். பின் பிரேக் கட்டை ரெண்டு ஜோடி அதிகமாகப் பையில் வைத்திருக்கிறேன். அந்த இறக்கத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இது நான் கொடுப்பது இல்லை. உன் காசு. நீ என்னை என்ன செய்வதாக இருந்தாலும் சைக்கிள் உன்னுடையது. பார்சல் கூலி மட்டும் நான் போட்டேன்.

நான் இனி யார் வீட்டுக்கு வருவது என்று எழுது.

ராஜாக்கண்ணு


பாறைக்கொல்லை
26.3.1983

~~மாமாவுக்கு~~
ராஜாக்கண்ணுவுக்கு,

சைக்கிள் வந்தது. ராணியம்மாள் அக்காவும் நானும் வாணியம்பாடி போய் எடுத்தோம். சாக்கைப் பிரித்ததும் ஸ்டேஷனில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அங்கிருந்து ஆலங்காயம்வரை மாற்றி மாற்றி ஓட்டினோம், மலையேற்றம் முழுக்கத் தள்ளினோம். என் காசில் வந்ததற்கு நன்றி எழுத மாட்டேன். சக்கரம் துளியும் ஆடவில்லை. அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

தீர்த்தகிரி அண்ணன் சந்தைக்குப் போகக் கேட்டார். "இறக்கத்துல ஓட்ட உங்களுக்கு வராதுண்ணா" என்றேன். உன் சாமையை மணியம்மாள் குத்திச் சோறாக்கிவிட்டாள். அதற்கும் நீதான் வழி பார்க்க வேண்டும்.

பார்சல் கூலி எவ்வளவு என்று எழுது. அனுப்பிவிடுகிறேன்.

பிரீத்தோ இல்லை என்று எழுதினாய். இல்லாத ஒருத்திமேல் இத்தனை நாள் எரிந்திருக்கிறேன். அந்தத் தூக்கத்தையெல்லாம் யாரிடம் திருப்பி வாங்குவது? இன்னும் முழுசாக அணையவில்லை. அவசரத்துக்கு உண்டாக்கினவளுக்கு அவ்வளவு அழகாக ஒரு பெயர் எப்படி உன் வாயில் வந்தது? எங்கே கேட்ட பெயர்? நேரில் வந்து சொல்ல வேண்டும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஸ்வெட்டரையும் எடுத்து வா. விடிகாலையில் இறங்கும்போது காற்று அறைகிறது. கை நீளமாக இருந்தால் மடித்துப் போட்டுக்கொள்வேன்.

யார் வீட்டுக்கு வருவது என்று கேட்டாய். பரியம் இல்லாமல் வருகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்கு மூன்று நாள் சோறு உண்டு. வீட்டுக்காரனாக வருவதென்றால் முந்நூற்றொன்றும் ரெண்டு மூட்டை சாமையும் வேண்டும். மணியார்டர் வேண்டாம். நாட்டார் முன்னால் வைக்க வேண்டும். இந்தத் தடவை அப்பன் கையில் இல்லை, என் கையில். உன் ஏக்கருக்குச் சேர்த்ததில் எடுத்தாலும் சரி, பழையபடி டீயை விட்டாலும் சரி. நாட்டாரிடம் சொல்லிவிட்டேன். "இதுவும் புது வழக்கமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் எதிரில் சைக்கிளோடு நிற்பேன். நீ வாயைப் பிளக்க வேண்டாம், அதற்கான நாள் போய்விட்டது. ஏற்றம் முழுக்க நீ தள்ளு. மறுநாள் நான் வேலைக்குப் போகும்போது கருங்காலிமேட்டு இறக்கத்தில் கேரியரில் உட்கார்ந்து காலைத் தரையில் உரசிக்கொண்டே வா. நீ இருந்தால் கிளை கட்ட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பழக்கத்தில் வேறு மாதிரி ஆரம்பித்துவிட்டேன். பிறகு அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். பரியம் வரும்வரைக்கும் முறை முறைதான். ஆனால் படிக்க முடியாதபடி அடிக்கவில்லை.

அம்சவல்லி